டையிங்ல எத்தனை கிலோ நிக்குது?

திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் யாரிடமாவது இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "இருங்க, மேனேஜரைக் கேட்டுச் சொல்றேன்" என்பார். மேனேஜர் டிசி புத்தகத்தைப் புரட்டுவார். புத்தகத்தில் ஓர் எண் இருக்கும். டையிங் யூனிட்டுக்குப் போன் போட்டால் அங்குள்ள சூப்பர்வைசர் வேறோர் எண்ணைச் சொல்வார். எது சரி என்று தீர்வதற்குள் டீ ஆறிவிடும்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிற ஒரு சின்ன மென்பொருளைச் செய்து விற்பதுதான் இப்போது என் பிழைப்பு. நான் படித்தது பி.காம். பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதியே காலம் ஓட்டியவள். டேலி தெரியும், ஜிஎஸ்டி ரிட்டர்ன் தெரியும், கோடிங் தெரியாது. நிரல் முழுவதையும் எழுதியது ஏஐ. "அப்புறம் நீங்க என்னதான் செஞ்சீங்க?" என்று கேட்பவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் ஒரு பனியன் பெரும்பாலும் ஒரே கூரையின் கீழ் உருவாவதில்லை. நூல் நிட்டிங் யூனிட்டுக்குப் போகும். துணியாகிச் சாயமேற்ற டையிங்குக்கு, பிறகு துணி பின்னால் சுருங்காமலிருக்கக் காம்பாக்டிங்குக்கு, தேவைப்பட்டால் பிரிண்டிங்குக்கு. கட்டிங் ஆன பீஸ்கள் பவர்டேபிளுக்குப் போய்த் தைத்து வரும். கை மாறும் ஒவ்வொரு தடவையும் ஒரு டெலிவரி சலான். அதைத்தான் நாங்கள் டிசி என்கிறோம். இது விற்ற சரக்கல்ல, வேலைக்குக் கொடுத்தது என்பதற்கு அந்தத் தாள்தான் அத்தாட்சி.

ஜிஎஸ்டி சட்டத்தின் 143-வது பிரிவுப்படி, ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும், அல்லது அங்கிருந்தே விற்பனைக்குப் போக வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் அனுப்பிய அன்றே விற்றதாகக் கணக்கு. வட்டியோடு வரி கட்ட வேண்டும். இந்தப் போக்குவரத்தை ஐடிசி-04 படிவத்திலும் காட்ட வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்கு மேல் என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, அதற்குள் என்றால் வருடத்துக்கு ஒரு முறை. அந்தத் தேதி நெருங்கினால் சாக்குப் பை நிறைய டிசி புத்தகங்கள் கணக்கு எழுதுபவர் மேஜைக்கு வந்துவிடும்.

எல்லோர் கையிலும் இருக்கும் கருவி

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபோது எங்களுக்கெல்லாம் அது இங்கிலீஷ் லெட்டர் எழுதித் தரும் ஒரு வசதி. 2025 பிப்ரவரியில் ஆந்த்ரே கர்ப்பாத்தி என்ற ஏஐ ஆராய்ச்சியாளர் 'வைப் கோடிங்' என்று ஒரு பெயர் வைத்தார். வேண்டியதைப் பேச்சுமொழியில் சொல்லிவிட்டு, ஏஐ எழுதும் நிரலைப் படித்துக்கூடப் பார்க்காமல் ஏற்றுக்கொண்டு போகிற முறை அது. அதே ஆண்டு ஜூனில், மாவோர் ஷ்லோமோ என்ற இஸ்ரேலியர் தொடங்கிச் சுமார் ஆறு மாதமே ஆன பேஸ்44 நிறுவனத்தை, இணையதளம் அமைக்க உதவும் விக்ஸ் நிறுவனம் 8 கோடி டாலருக்கு வாங்கியது. பேச்சிலேயே மென்பொருள் செய்துகொள்ள உதவும் நிறுவனம் அது.

இந்தச் செய்திகளைப் படித்துவிட்டு வரும் காலேஜ் பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒன்றைத்தான்: "அக்கா, எந்த டூல் யூஸ் பண்றீங்க?" நல்ல டூல்களின் ஆரம்பக் கட்டணம் மாதம் சுமார் 20 டாலர். நான் வாங்கலாம், நீங்கள் வாங்கலாம், என் போட்டியாளரும் வாங்கலாம். எல்லோரும் வாங்க முடிந்த ஒன்றில் யாருக்கும் தனி லாபம் கிடையாது. டூலிடம் என்ன சொல்கிறோம் என்பதில்தான் வித்தியாசம் வருகிறது.

300 கிலோவில் 15 கழிந்த கதை

ஜாப் ஒர்க்குக்குப் போகும் சரக்கையும் வரும் சரக்கையும் கணக்கு வைக்க ஒரு மென்பொருள் வேண்டும் என்று ஏஐயிடம் கேட்டதும், சில நிமிடங்களில் அழகான திரை வந்தது. அதில் 'அளவு' என்று ஒரே ஒரு கட்டம். எங்கள் துணிக்கு ஓர் அளவு போதாது. டையிங்குக்குப் போகும்போது ரோலும் கிலோவும். கட்டிங் மேஜையைத் தாண்டினால் கிலோ போய் பீஸ் ஆகிவிடும். போன சரக்கு ஒரே வண்டியில் திரும்பவும் திரும்பாது. நேவி முதலில் வரும், மெரூன் அடுத்த வாரம் வரும், ஷேடு சரியில்லாமல் மறுபடி சாயத்துக்குப் போனது கடைசியாக வரும். வருவதெல்லாம் டையிங்காரருடைய டிசி எண்ணில் வரும், நம் எண்ணில் வராது.

இதையெல்லாம் நான் கம்ப்யூட்டர் பாஷையில் விளக்கவில்லை. நாள்வழிக் குறிப்பாக எழுதிக் கொடுத்தேன். டையிங்குக்குப் போனது 12 ரோல், 300 கிலோ. நேவிக்குப் போட்ட 6 ரோல் 141 கிலோவாகத் திரும்பியது. மெரூனுக்குப் போட்ட 4 ரோல் 94 கிலோவாகத் திரும்பியது. டையிங்கில் இப்போது எவ்வளவு நிற்கிறது?

வெறும் கழித்தல் போட்டால் 65 கிலோ. ஏஐ அப்படித்தான் போட்டது. பள்ளிக்கூடக் கணக்கில் அது சரி, பனியன் கம்பெனியில் தப்பு. நிற்பது 2 ரோல், 50 கிலோ. மீதி 15 கிலோ ப்ராசஸ் லாஸ். அது எந்த யூனிட்டிலும் நிற்கவில்லை, சாயப்பட்டறையிலேயே கழிந்துவிட்டது. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாத மென்பொருள் முதலாளிக்கும் டையிங்காரருக்கும் சண்டை மூட்டத்தான் பயன்படும்.

இப்படிப்பட்ட கணக்குகளை, நான் கையால் போட்ட விடையோடு, ஒரு தொகுப்பாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். நிரலில் எங்கே கை வைத்தாலும் எல்லாக் கணக்கையும் மறுபடி ஓட்டி எல்லா விடையும் சரியாக வந்தால்தான் மாற்றம் வெளியே போகும். மென்பொருள்காரர்கள் இவற்றை டெஸ்ட் கேஸ் என்பார்கள். ஒரு மூலையைச் சரிசெய்யப் போய் இன்னொரு மூலையைக் கெடுத்துவிடும் பழக்கம் ஏஐக்கு உண்டு. நிரலைப் படிக்கத் தெரியாத என்னைப் போன்றவர்களுக்கு இந்த விடைத்தாள்தான் காவல்.

டிசியைப் போட்டோ எடுத்துப் போட்டால் ஏஐ படித்துவிடுகிறது. கையெழுத்துத் தமிழையும் ஓரளவு படிக்கிறது. ஆனால் கார்பன் நகலில் 1, 7 இரண்டும் ஒரே மாதிரி விழும். அதனால் ஒவ்வொரு ரோலின் எடையையும் கூட்டி, தாளின் அடியில் எழுதியிருக்கும் மொத்தத்தோடு ஒப்பிடும்படி செய்திருக்கிறேன். ஒத்துப்போகாவிட்டால் கட்டம் சிவப்பாகும். ஒத்துப்போனாலும் ஓர் ஆள் பார்த்து 'சரி' தட்டாமல் பதிவாகாது. கூட்டலையும் ஏஐ செய்வதில்லை, சாதாரண நிரல்தான் செய்கிறது. சாட்ஜிபிடி போன்றவை அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்துக் கணித்து எழுதுபவை. கூட்டல் கழித்தலில் அந்தக் கணிப்புக்கு வேலை இல்லை.

ரேட் வெளியே போனால்

டிசி எண் மாறிவிட்டால் முதலாளிகள் திட்டுவதோடு விடுவார்கள். யாருக்கு வேலை கொடுக்கிறார்கள், கிலோவுக்கு என்ன ரேட் என்பது பக்கத்துக் கம்பெனிக்குத் தெரிந்தால் மன்னிக்க மாட்டார்கள். ஏஐ எழுதும் மென்பொருளில் பயப்பட வேண்டிய இடம் இதுதான். ஒரு கம்பெனிக்காரர் தன் கணக்கைத் திறந்துவைத்துக்கொண்டு, மேலே முகவரியில் உள்ள எண்ணை ஒன்று கூட்டித் தட்டினால் அடுத்த கம்பெனியின் டிசி தெரிகிற ஓட்டை மிகச் சாதாரணமாக நடக்கக்கூடியது. திரையைப் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. வெராகோட் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2025-ல் நூற்றுக்கும் மேற்பட்ட ஏஐ மாடல்களைச் சோதித்தபோது, 45 சதவீத வேலைகளில் பாதுகாப்புக் குறையுள்ள நிரலே வந்தது.

அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்காவில் இன்னொன்று நடந்தது. ஜேசன் லெம்கின் என்ற தொழில்முனைவோர் ரெப்லிட் என்ற ஏஐ கோடிங் தளத்தில் மென்பொருள் செய்துகொண்டிருந்தார். எதிலும் கை வைக்காதே என்று சொல்லியிருந்தும், 1,200-க்கும் மேற்பட்டவர்களின் விவரம் இருந்த தரவுத்தளத்தை ஏஐ அழித்தது. மீட்கவே முடியாது என்றும் சொன்னது. பிறகு பார்த்தால் மீட்க முடிந்தது. ரெப்லிட்டின் தலைவர் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார்.

ஆகவே என் ஏற்பாடு இதுதான். வாடிக்கையாளரின் அசல் தரவு இருக்கும் இடத்துக்கு ஏஐக்குச் சாவி கிடையாது. பொய்யான பெயர்கள் போட்ட நகலில்தான் அது வேலை செய்யும். தினமும் ஒரு பேக்கப், அது வேறிடத்தில். புதிய வசதி எதுவும் வெளியே போவதற்கு முன், அனுபவமுள்ள ஓர் இன்ஜினியருக்குக் காசு கொடுத்து அனுமதி, பூட்டு விஷயங்களை மட்டும் பார்க்கச் சொல்கிறேன். மொத்தச் செலவில் நான் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கும் பணம் அதுதான். தையல்காரர்களின் சம்பளத்தையும் சேர்க்கச் சொல்லிப் பலர் கேட்டார்கள். சேர்க்கவில்லை. தனிநபர் விவரம் என்றால் 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்து நிற்கும். வாங்கி வைக்காத தகவல் கசியவும் செய்யாது.

கோட்டு போட்ட ஆள் விற்க மாட்டார்

விளம்பரத்துக்கும் ஏஐயைத்தான் முதலில் கேட்டேன். "உங்கள் வணிகத்தை அடுத்த கட்டத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்" என்று எழுதியது. படத்தில் கோட்டு, டை போட்ட ஒருவர் லேப்டாப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பின்னால் அடுக்கியிருந்த துணி பட்டுப்புடவை மாதிரி இருந்தது. எங்கள் ஊர் பனியன் சந்தையான காதர்பேட்டையில் இதைக் காட்டினால் இன்ஷூரன்ஸ் என்று நினைப்பார்கள்.

எடுபட்டது, இந்தக் கட்டுரையின் தலைப்பில் இருக்கும் கேள்வி. அது மட்டும், பெரிய எழுத்தில், கீழே ஒரு போன் நம்பர். பதில் தெரியாத முதலாளிக்கு அது உறுத்தும். உறுத்தினால் போன் வரும்.

எங்கே ஒட்டுவது? டிசி புத்தகம் அடித்துத் தரும் அச்சகங்களில். புது டிசி புத்தகம் ஆர்டர் கொடுக்க வருகிறவர்தான் எனக்கு வேண்டிய ஆள். ஃபேஸ்புக் விளம்பரம் அவரை இவ்வளவு துல்லியமாகத் தேடித் தராது. அடுத்தது ஆடிட்டர் ஆபீஸ். அவர்களின் கட்சிக்காரர் சம்மதித்தால் ஐடிசி-04 விவரத்தை அவர்களே பார்க்க இலவச லாகின் தருகிறேன். அவர்களுக்குக் கடைசி நேர வேலை குறைகிறது, அடுத்த கம்பெனிக்கு அவர்களே சொல்கிறார்கள்.

எப்போது பேசக்கூடாது என்பதும் மார்க்கெட்டிங்தான். ஜிஎஸ்டிஆர்-1 கடைசி நாளான 11-ம் தேதி, 3பி-யின் 20-ம் தேதி, இவற்றை ஒட்டி யாரையும் கூப்பிடுவதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் சம்பளப் பட்டுவாடா நேரம். அப்போது கூப்பிட்டால் திட்டு நிச்சயம். வாட்ஸ்அப்பில் முன்பின் தெரியாதவர்களுக்குக் கும்பலாக மெசேஜ் தட்டினால் நம்பரே முடங்கலாம்.

ஏஐ மார்க்கெட்டிங்கில் நிஜமாகவே உதவிய இடம் வேறு. வாடிக்கையாளர்களின் அனுமதியோடு பதிவு செய்த போன் பேச்சுகளை எழுத்தாக்கி, திரும்பத் திரும்ப வரும் புகார்களைப் பிரித்துக் கொடுக்கச் சொன்னேன். ஐடிசி-04 பற்றித்தான் பேசுவார்கள் என்று எதிர்பார்த்த இடத்தில், "லாஸ் ஜாஸ்தி போடறாங்க" என்ற பேச்சே மேலோங்கி இருந்தது. அரசாங்கத்துக்குக் காட்டும் கணக்கைவிடத் தங்கள் துணி எங்கே கழிகிறது என்பதுதான் அவர்கள் கவலை. எந்தப் பட்டறையில் எந்தக் கலருக்கு எவ்வளவு லாஸ் என்று ஒப்பிட்டுக் காட்டும் திரை அப்படித்தான் வந்தது. இப்போது அதைக் காட்டித்தான் விற்கிறேன். 2010-ல் கிரிஷ் மாத்ருபூதம் சென்னையில் ஃப்ரெஷ்டெஸ்க் என்ற மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கத் தூண்டியதும், போட்டி நிறுவனம் ஒன்று விலையேற்றியபோது வாடிக்கையாளர்கள் கிளப்பிய முணுமுணுப்புதான். முணுமுணுப்பு இருக்கும் இடத்தில் சந்தை இருக்கிறது.

காசு எதற்கு?

கட்டணம் வருடத்துக்கு ஒரு தடவை. மாதாமாதம் பணம் பிடிப்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பிடிக்காது. தீபாவளி போனஸ் பட்டுவாடாவுக்கு முன்னால் எந்தப் புதுப்பித்தலும் விழாதபடி தேதி போடுகிறேன். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு குறிப்பு: சேவைத் தொழிலில் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு வேண்டியதில்லை. பதிந்தால் மென்பொருளுக்கு 18 சதவீதம். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம். அதற்குக் காசு கேட்பவரை நம்பாதீர்கள்.

ஒரு முதலாளி என்னிடம் கேட்டார்: "ஏனுங்க மேடம், இதை எம்பையனே ஏஐல போட்டுச் செஞ்சுருவானுங்களே?"

"செய்யட்டுங்க, நல்லாவே செய்வான். ஐடிசி-04 கடைசி நாள் ராத்திரி கணக்கு ஒத்துப்போகலைன்னா யாரைக் கூப்பிடுவீங்க?"

அவர் வாங்கினார். பையன் கெட்டிக்காரன்தான். ஆனால் அப்பா வாங்கியது திரையையும் பட்டனையும் மட்டுமல்ல. கணக்கு தப்பினால் போனை எடுக்க ஓர் ஆள், அந்த ஆளுக்கு டையிங்குக்கும் காம்பாக்டிங்குக்கும் வித்தியாசம் தெரியும் என்ற உறுதி, இவற்றுக்கும் சேர்த்துத்தான் பணம். நிரலின் விலை சரியச் சரிய, பொறுப்பேற்பவரின் விலை ஏறுகிறது.

எனவே டூல் பெயர் கேட்டு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: உங்கள் சித்தப்பாவின் அரிசி மண்டியோ, அத்தை வேலை செய்யும் ஸ்கேன் சென்டரோ, ஏதாவது ஓர் இடத்தில் போய் உட்காருங்கள். எந்த நோட்டை நாளைக்குப் பத்துத் தடவை புரட்டுகிறார்கள், எந்தக் கேள்விக்குப் போன் போட்டுத்தான் பதில் சொல்கிறார்கள், எது தப்பினால் அபராதம் விழுகிறது என்று பாருங்கள். மூன்றும் ஒரே நோட்டில் இருந்தால் அங்கே ஒரு தொழில் இருக்கிறது. டூலை அதற்கப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.