அங்கணத்துத் தண்ணீர் எங்கே போகிறது?

எங்கள் ஊர்ப் பெயரிலேயே சலவை இருக்கிறது. வண்ணார்பேட்டை. சுலோசன முதலியார் பாலத்தைத் தாண்டியதும் பாளையங்கோட்டைப் பக்கம், தாமிரபரணிக் கரை. இன்றைக்கு இங்கே ஜவுளிக்கடையும் ஆஸ்பத்திரியும் ஹோட்டலுமாக நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. ஆனாலும் துணி வெளுக்கிறவர்கள் இருந்த பேட்டை என்பதை அந்தப் பெயர் மறக்கவிடாது. பழைய சலவைக்குச் சோப்பு கிடையாது, உவர்மண்தான். தரையில் வெள்ளையாகப் பொரிந்து கிடக்கும் மண்ணைச் சுரண்டி வந்து, தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்து, அந்தத் தெளிவில் துணியை முக்கி வெள்ளாவி வைப்பார்கள். அழுக்கு கழன்று வந்துவிடும்.

அந்த உவர்மண்ணில் வேலை செய்வது சோடியம் கார்பனேட். கடையில் வாஷிங் சோடா என்று விற்பதும் அதுதான். உழவர்களாகிய நமக்கு அதன் இன்னொரு முகம் தெரியும்: களர் நிலம். மண்ணில் சோடியம் ஏறினால் களித்துகள்கள் பிடிப்பு விட்டுப் பிரிந்துபோகும். மேலே ஏடு கட்டும், தண்ணீர் உள்ளே இறங்காது, வேருக்கு மூச்சு முட்டும். அதைச் சரிசெய்ய ஜிப்சம் போட்டு, தக்கைப்பூண்டு மடக்கி உழுது வருஷக்கணக்கில் மல்லுக்கட்டுகிறோம். அதே சோடா உப்புகள்தான் சலவைத்தூளிலும் பாத்திரக் கட்டியிலும் நல்ல பங்கு இருக்கின்றன. காசு கொடுத்து வாங்கி வந்து நாமே அங்கணத்தில் ஊற்றுகிறோம். எனக்கு இது உறைக்க இரண்டு வாழைக்கன்று சாக வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டு அடுக்களை எட்டடிக்கு ஆறடி. பின்னால் ஒரு கட்டில் போடுகிற அளவுக்கு மண் இருக்கிறது. ஓய்வு பெற்ற புதிதில், தண்ணீரை வீணாக்கக் கூடாதென்று சிங்க் குழாயை நேராக அந்த மண்ணுக்குத் திருப்பி இரண்டு நாட்டு வாழைக்கன்று வைத்தேன். மூன்று மாதத்தில் இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. மண் மேலே வழுவழுவென்று சாம்பல் நிறத்தில் ஏடு. விரலால் குத்தினால் ஓடு மாதிரி உடைந்தது. நான் வாழைக்கு நோய் என்று நினைத்து வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்துக்கொண்டிருந்தேன். என் மனைவிதான் கேட்டாள்: "வயலுக்கு யூரியா ஆகாதுன்னு ஊரெல்லாம் சொல்லுதீங்க. அடுக்களைக்கு மட்டும் எது வேணும்னாலும் ஆகுமாக்கும்?"

பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் எனக்கு வீடு ஆற்றுக்கு மேலே, வயல் ஆற்றுக்குக் கீழே. மருதூர் அணைக்கட்டில் பிரிகிற மேலக்கால் தண்ணீரில்தான் என் ஒன்றே கால் ஏக்கர் விளைகிறது. நகரத்துச் சாக்கடை பல இடங்களில் ஆற்றில் கலப்பது எல்லாரும் பார்க்கிறதுதான். அது மருதூருக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் போகிறது, ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்காலுக்குப் போகிறது, குடிதண்ணீராகவும் போகிறது. வீட்டில் நான் ஊற்றுவதை வயலில் நானே வாங்கிக்கொள்கிறேன். வங்கியில் இப்படி ஒரு கையால் எழுதி மறு கையால் எடுத்தால் ஆடிட்டில் மாட்டியிருப்பேன்.

அன்றிலிருந்து நாலு வருஷமாக அடுக்களையில் கடைச் சோப்பு இல்லை. எடுத்த எடுப்பில் சரியாக வந்துவிடவில்லை. பாதி நாள் பாத்திரம் பிசுக்குப் பிசுக்கென்றே இருந்தது. அந்தத் தவறுகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

எந்த அழுக்குக்கு எது

முதல் தவறு, எல்லா அழுக்குக்கும் ஒரே பொருள் தேடியது. எண்ணெய்ப் பிசுக்கு வேறு, செம்பு பித்தளையில் ஏறும் களிம்பு வேறு, அடிப்பிடித்த சோறு வேறு. பிசுக்குக்கு நுரைப் பொருளோ காரமோ வேண்டும். களிம்புக்குப் புளிப்பு வேண்டும். அடிப்பிடித்ததற்கு ஊறலும் தேய்ப்பும் போதும். என் ஆச்சி பித்தளைக் குடத்தை முதலில் புளி வைத்துத் தேய்த்து, கழுவிவிட்டு, பிறகுதான் சாம்பல் தொடுவாள். நான் இரண்டையும் ஒன்றாகக் குழைத்து "டபுள் பவர்" என்று வைத்தேன். புளி அமிலம், சாம்பல் காரம். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு தீர்ந்துபோயின, குடம் அப்படியே இருந்தது. ஆப்பசோடாவும் வினிகரும் கலந்தால் பொங்குகிறதே, அதுவும் இந்தக் கதைதான். பொங்கி முடிந்தபின் மிஞ்சுவது கிட்டத்தட்ட வெறும் உப்புத் தண்ணீர்.

எங்கள் அடுக்களையின் மூலதனம் பூந்திக்கொட்டை. பட்டுச் சேலையும் தங்க நகையும் கழுவ வீடுகளில் வைத்திருந்த அதே கொட்டை. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். விதையை எடுத்துவிட்டுத் தோலை மட்டும் 100 கிராம், ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறப்போட வேண்டும். காலையில் அதே தண்ணீரோடு அரை மணி நேரம் மெதுவான தீயில் கொதிக்கவிட்டு, ஆறியதும் கையால் நன்றாகப் பிசைந்து துணியில் வடிகட்டினால் டீ நிறத்தில் கரைசல் வரும். சப்பொனின் என்ற பொருள்தான் அதில் வேலை செய்கிறது. உப்புத் தண்ணீரிலும் வேலை செய்யும். போர்வெல் தண்ணீர் உள்ள வீடுகளில் சோப்பு திரிந்து நிற்கும், இது திரியாது. நுரை கடைச் சோப்பு அளவுக்கு வராது, அதற்கு மனதைப் பழக்க வேண்டும். எங்கள் வீட்டில் அதற்கே ஆறு மாதம் ஆனது. "நுரையே இல்லாம எப்படிப் போகும்" என்பது என் மனைவியின் வாதம். கழுவிய எண்ணெய்க் கிண்ணத்தைப் பழைய செய்தித்தாளால் துடைத்துக் காட்டியபிறகுதான் ஒத்துக்கொண்டாள்.

கரைசல் வெளியில் இருந்தால் மூன்று நாளில் புளிப்பு வாடை வந்துவிடும். ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். நிறையச் செய்து பாட்டிலில் அடுக்கலாம் என்ற ஆசை வேண்டாம், கெட்டுப்போகாத பொருளில்தான் சந்தேகம் வர வேண்டும். கண்ணில் பட்டால் நன்றாக எரியும், கசப்பும் அதிகம், ஆகவே பாத்திரத்தை இரண்டு தண்ணீரில் அலச வேண்டும்.

பிசுக்கு ஏறிய வாணலிக்குச் சாம்பல். விறகு, தென்னைமட்டை எரித்த சாம்பலைச் சலித்து வைத்துக்கொண்டால் போதும். அதில் இருக்கும் காரம் பெரும்பாலும் பொட்டாசியம் கார்பனேட். சோடியம் மண்ணைக் கெடுக்கும் இடத்தில் பொட்டாசியத்தை வாழை விரும்பி எடுத்துக்கொள்ளும் என்பதுதான் எனக்கு இதில் பிடித்த கணக்கு. குப்பை, பிளாஸ்டிக், பெயின்ட் அடித்த பலகை எரித்த சாம்பலைத் தொடாதீர்கள். அரைவை மில் உமிச்சாம்பல் சும்மா கிடைக்கிறதே என்று நானும் ஒரு மூட்டை கொண்டு வந்தேன். அது பெரும்பாலும் சிலிக்கா. எவர்சில்வர் தட்டெல்லாம் கீறல் விழுந்து, அந்த மூட்டை நேராக உரக்குழிக்குப் போனது. அலுமினியப் பாத்திரத்துக்கும் சாம்பல் ஆகாது, காரம் பட்டால் கறுத்துவிடும். கறுத்ததில் எலுமிச்சைத் தோலும் தண்ணீரும் போட்டுக் கொதிக்கவைத்தால் தெளியும்.

பிசுக்கை விட முக்கியமான ஒன்று, கழுவும் முன் துடைப்பது. எண்ணெய்ப் பாத்திரத்தில் ஒரு கைப்பிடி தவிடு தூவித் துடைத்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. எண்ணெய் குழாய்க்குள் போகாது, அடைப்பும் வராது. அந்தத் தவிடு உரக்குழிக்கு. பால் பாத்திரத்துக்கு மட்டும் முதலில் பச்சைத் தண்ணீர். எடுத்ததும் சுடுதண்ணீர் ஊற்றினால் பால் புரதம் இறுகி ஒட்டிக்கொள்ளும். மீன் சட்டிக்குப் புளிச்சக்கை. மீன் வாடைக்குக் காரணமான பொருள் காரத்தன்மை உள்ளது, புளிப்பு பட்டதும் வாடை அடங்கிவிடும்.

தேய்க்கத் தேங்காய்த் தும்பும் பீர்க்கை நாரும். பீர்க்கங்காயைக் கொடியிலேயே முற்றிக் காயவிட்டு, ஊறப்போட்டுத் தோலை உரித்தால் நார் ரெடி. உள்ளே உதிரும் விதை அடுத்த பட்டத்துக்கு. பிளாஸ்டிக் நார் தேயத்தேயத் தூளாகி எங்கே போகிறது என்று யோசித்துப் பார்த்தால் கை அதைத் தொடாது.

தோல் ஊறல் பற்றி

நம் கூட்டங்களில் எல்லாரும் கேட்பது பயோ என்சைம். தாய்லாந்தின் ரோசுகோன் பூம்பன்வோங் பரப்பிய முறை இது. வெல்லம் ஒரு பங்கு, பழத்தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு. எங்கள் பக்கம் புளியங்குடி எலுமிச்சைக்குக் குறைவில்லை. ஜூஸ் கடைக்காரரிடம் சொல்லி வைத்தால் பிழிந்த தோலைக் கொடுத்துவிடுவார். 300 கிராம் தோல், 100 கிராம் வெல்லம், ஒரு லிட்டர் தண்ணீர். இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் மேலே இடம்விட்டு மூடி, முதல் மாதம் தினமும் ஒரு தடவை மூடியைத் திறந்து காற்றை விட வேண்டும். கண்ணாடி பாட்டில் கூடாது, வெடிக்கும். மூன்று மாதம் கழித்து வடிகட்டலாம்.

இதைப் பற்றி அளவுக்கு மீறிப் பேசுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். ஓசோன் வெளிவிடும் என்றுகூட ஒருவர் மேடையில் சொன்னார். புளிக்கும்போது வருவது கரியமில வாயு. ஊறலில் வேலை செய்வது பெரும்பாலும் அதில் உண்டாகும் அமிலங்கள்தான், வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலமும் அதில் ஒன்று. அடுப்பு மேடை டைல்ஸ், குழாயில் படியும் உப்புக்கறை, சிங்க் வாடை, இதற்கெல்லாம் நல்ல பொருள். ஆனால் கிருமிநாசினி என்று நம்பிவிடாதீர்கள். கறி வெட்டிய பலகைக்குக் கொதிக்கும் தண்ணீரும் உச்சி வெயிலும்தான். இன்னொன்று, கடப்பாக்கல் மேடை சுண்ணாம்புக்கல் வகை. புளிப்பு பட்டால் பளபளப்பு போய் வெள்ளைத் திட்டு விழும். மொசைக் தரையும் அப்படியே. எங்கள் மேடையில் நான் போட்ட திட்டு இன்றைக்கும் இருக்கிறது, வருகிறவர்களிடமெல்லாம் காட்டப்படுகிறது. பிளீச்சிங் பவுடர் இருக்கும் இடத்தில் எந்தப் புளிப்பையும் கலக்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும், உயிருக்கு ஆபத்து.

இயற்கைதானே என்று பூந்திக்கொட்டைத் தண்ணீரை ஆற்றிலோ குளத்திலோ கொட்டலாமா? கூடாது. சப்பொனின் மீனுக்கு விஷம். மண்ணில் விட்டால் நுண்ணுயிர்கள் அதைச் சீக்கிரம் சிதைத்துவிடும், நேராகத் தண்ணீரில் விட்டால்தான் கெடுதல். ஆகவே குழாய் மண்ணுக்குத்தான் போக வேண்டும். ஓரடி ஆழக் குழியில் செங்கல் ஜல்லி, அதன்மேல் மணல், ஓரத்தில் நாலு கல்வாழை. அதைத் தாண்டித்தான் இப்போது எங்கள் தண்ணீர் வாழைக்கு வருகிறது. மேல் மணலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளறிக் காயவிடாவிட்டால் நாறும்.

முதலில் அந்த ஏடு கட்டிய மண்ணை ஒரு சாண் வெட்டி எடுத்துவிட்டு, ஜிப்சமும் மக்கிய எருவும் போட்டு, ஒரு மழை பார்த்துவிட்டுத்தான் மறுபடி கன்று வைத்தேன். போன தை மாதம் முதல் தார் வெட்டினோம். எட்டுச் சீப்பு. பெரிய தார் இல்லைதான். ஆனால் கன்றுக்குப் பக்கத்தில் கைவிரல் மண்ணில் மூட்டு வரை இறங்குகிறது, மண்புழுவும் திரும்பியிருக்கிறது. மனைவியின் விரலிடுக்கில் இருந்த வெடிப்பும் ஆறிவிட்டது. அதற்கு முன்பு இரண்டு களிம்பு மாற்றியும் கேட்கவில்லை.

செலவைக் கேட்பீர்கள். பூந்திக்கொட்டை எங்கள் இருவர் வீட்டுக்கு மாதம் அரைக் கிலோவுக்குள் அடங்குகிறது. சாம்பல், தும்பு, தோல் எல்லாம் சும்மா. முன்பு ஆன செலவில் பாதிகூட இல்லை. நேரம்தான் கூடுதல், வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. அதில் பாதி என் வேலை. ஊறப்போடுவது, கொதிக்கவைப்பது, பிசைவது என் பொறுப்பு என்று ஆரம்பத்திலேயே பேசிக்கொண்டோம். இதைப் பெண்கள் தலையில் இன்னொரு வேலையாகக் கட்டினால் ஒரு மாதத்தில் கடைச் சோப்பு திரும்பி வந்துவிடும், வருவதும் நியாயம்தான்.

வயலின் வேலியோரம் இரண்டு பூந்தி மரக்கன்று வைத்திருக்கிறேன். காய்ப்புக்கு வர எட்டு, பத்து வருஷம் ஆகும். அதுவரை நாட்டு மருந்துக் கடைதான்.