மூச்சை விலைக்கு வாங்கலாமா? நீடித்த கொவிட்டும் உயரழுத்த ஒட்சிசன் அறையும்

மருதமுனையில் வசிக்கும் என் மச்சான் ஒரு காலத்தில் காலை முதல் அஸர் வரை கைத்தறியில் இருப்பவர். இப்போது அரை மணித்தியாலம் நெய்தால் பாயில் சாய்ந்துவிடுகிறார். கடந்த மாதம் கட்டாரில் இருந்து உறவினர் ஒருவர் அவருக்கு ஒரு காணொளி அனுப்பியிருந்தார். கண்ணாடிக் குழாய் போன்ற ஓர் அறைக்குள் ஒருவர் படுத்திருக்கிறார். கொவிட்டுக்குப் பிறகு வந்த களைப்பும் மறதியும் இதில் நீங்கிவிடும் என்கிறது பின்னணிக் குரல்.

"நாப்பது தரம் உள்ளுக்குக் கிடந்தா சுகமாகுமாம் மச்சான். இந்தியாவில செய்யிறாங்களாம். ராத்தாட நகைய விப்பமா எண்டு யோசிக்கன்" என்றார்.

அவருக்குப் பதில் சொல்வதற்காகத் தேடி வாசித்ததையே இங்கே எழுதுகிறேன். இதே கேள்வி நம் கரையோர ஊர்களில் இன்னும் பல வீடுகளில் இருக்கக்கூடும்.

சான்று இல்லாத நோய்

2020 நவம்பர் இறுதியில் அக்கரைப்பற்றுச் சந்தையில் தொற்றாளர்கள் கண்டறியப்பட்டு அப்பகுதி தனிமைப்படுத்தப்பட்டது. அந்த நாட்களில்தான் மச்சானுக்கும் காய்ச்சல் வந்தது, வாசனை தெரியாமல் போனது. அவர் பிசிஆர் செய்யப் போகவில்லை. காரணம் நமக்குத் தெரிந்ததே. 2020 ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி கொவிட்டால் இறந்தவர்களின் உடல்களைத் தகனம் செய்வதைக் கட்டாயமாக்கியிருந்தது. ஜனாஸாவை எரித்துவிடுவார்கள் என்ற பயத்தில் காய்ச்சலை மறைத்தவர்களில் அவரும் ஒருவர். 2021 பெப்ரவரி இறுதியில்தான் நல்லடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது. மார்ச் 5 முதல் ஓட்டமாவடியில் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன.

ஆகவே அவருக்குக் கொவிட் வந்ததற்கு ஆவணம் எதுவும் இல்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2021 ஒக்டோபரில் வெளியிட்ட வரையறை அதைக் கட்டாயமாகக் கேட்கவும் இல்லை. தொற்று உறுதியானவர்களோடு, தொற்று வந்திருக்கக்கூடியவர்களையும் அது சேர்த்துக்கொள்கிறது. தொற்றிலிருந்து வழமையாக மூன்று மாதமளவில் காணப்பட்டு, குறைந்தது இரண்டு மாதம் நீடித்து, வேறு நோயால் விளக்க முடியாத களைப்பு, மூச்சுத்திணறல், மறதி போன்றவை இதில் அடங்கும். கடதாசி இல்லை என்பதற்காக உங்கள் நோய் பொய்யாகிவிடாது.

அறைக்குள் என்ன நடக்கிறது?

கடலில் பத்து மீற்றர் ஆழத்துக்குச் சுழியோடினால் உடல்மீதான அழுத்தம் இரு மடங்காகும். அந்த அழுத்தத்தைத் தரையிலேயே உருவாக்கி, உள்ளே இருப்பவருக்குத் தூய ஒட்சிசனைச் சுவாசிக்கக் கொடுப்பதே உயரழுத்த ஒட்சிசன் சிகிச்சை. நலமான ஒருவரின் செங்குருதிக் கலங்கள் சாதாரணக் காற்றிலேயே கிட்டத்தட்ட முழுமையாக ஒட்சிசனை ஏற்றிவிடும். அழுத்தம் கூடும்போது ஒட்சிசன் குருதியின் திரவப் பகுதியிலும் நேரடியாகக் கரைகிறது. சாதாரணமாக 100 மில்லிலீற்றர் குருதியில் சுமார் 0.3 மில்லிலீற்றர்தான் இவ்வாறு கரைந்திருக்கும். இரு மடங்கு அழுத்தத்தில் தூய ஒட்சிசனைச் சுவாசித்தால் அது 4 மில்லிலீற்றர் அளவுக்கு உயரும்.

இது புதிய சிகிச்சை அல்ல. ஆழத்தில் இருந்து வேகமாக மேலேறும் சுழியோடிகளின் குருதியில் நைதரசன் குமிழ்கள் உருவாகி, மூட்டு வலி முதல் பாரிசவாதம் வரை ஏற்படுத்தும். அதற்கான சிகிச்சை இதுதான். திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் இத்தகைய அறை உள்ளது. காபனோரொட்சைட்டு நஞ்சூட்டல், ஆறாத சில நீரிழிவுப் புண்கள் ஆகியவற்றுக்கும் இது ஏற்கப்பட்ட சிகிச்சை.

நீடித்த கொவிட்டுக்குப் பலன் உண்டா?

காணொளியில் சொல்லப்படும் "நாற்பது தடவை" என்ற கணக்கு 2022இல் வெளியான ஓர் இஸ்ரேலிய ஆய்வோடு பொருந்துகிறது. 73 பேரில் ஒரு பகுதியினருக்கு இரு மடங்கு அழுத்தத்தில் நாற்பது அமர்வுகள் கொடுக்கப்பட்டன. மற்றவர்கள் பாவனைக்காக அறைக்குள் வைக்கப்பட்டார்கள். உண்மையான சிகிச்சை பெற்றோரின் கவனம், உறக்கம், உடற்சக்தி ஆகியவை கூடுதலாக முன்னேறின. ஆனால் ஆய்வாளர்களில் சிலர் இச்சிகிச்சையை வணிகமாக நடத்தும் நிறுவனத்தோடு தொடர்புடையவர்கள். அதை அவர்களே அக்கட்டுரையில் அறிவித்திருக்கிறார்கள்.

சுவீடனின் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள் 80 பேரை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு 2025இல் வந்தது. அங்கே ஆறு வாரத்தில் பத்து அமர்வுகள். பதின்மூன்றாவது வாரத்தில் பார்த்தபோது இரு குழுவினரும் ஓரளவு தேறியிருந்தார்கள். உண்மைச் சிகிச்சைக்கும் பாவனைச் சிகிச்சைக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பத்து அமர்வுகள் போதவில்லையா, அல்லது சிகிச்சைக்கே பலன் இல்லையா என்பது இன்னும் தீராத கேள்வி. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமும் நீடித்த கொவிட்டுக்கு இதை அங்கீகரிக்கவில்லை.

அழகு நிலையங்களிலும் இணையக் கடைகளிலும் காட்டப்படும் மென்மையான பை போன்ற அறைகள் வேறு வகை. அவற்றின் அழுத்தம் பெரும்பாலும் 1.3 மடங்கு மட்டுமே. சுவீடன் ஆய்வில் பாவனைச் சிகிச்சைக்குப் பயன்பட்டதும் ஏறத்தாழ அதே அழுத்தத்தில் சாதாரணக் காற்றுதான்.

போரைக் கண்ட உடல்கள் கவனிக்க வேண்டியவை

இதைச் "சும்மா காற்றுத்தானே" என்று எண்ணிவிடக் கூடாது. அழுத்தம் ஏறும்போது காது அடைக்கும். குண்டு அதிர்ச்சியில் காதுச் சவ்வு பாதிக்கப்பட்டவர்கள் முதலில் காது வைத்தியரிடம் காட்ட வேண்டும். நெஞ்சில் சன்னமோ எறிகணைச் சிதறலோ பட்டவர்கள், காசநோய் வந்து நுரையீரலில் தழும்பு உள்ளவர்கள் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்காமல் உள்ளே போகவே கூடாது. நுரையீரலில் அடைபட்ட காற்று, அழுத்தம் குறையும்போது விரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சீனி திடீரென இறங்கலாம். அரிதாக வலிப்பும் வரும்.

தூய ஒட்சிசனில் சிறு பொறியும் பெருந்தீயாகும். தலைக்கு எண்ணெய், கைப்பேசி எதுவும் உள்ளே கூடாது. 2025 ஜனவரி 31இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இப்படியான அறை தீப்பற்றி ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். அவனுக்கு அளிக்கப்பட்டதும் அங்கீகாரம் பெறாத பயன்பாடு ஒன்றுக்கான சிகிச்சையே.

மச்சானுக்குச் சொன்னது

நகையை விற்க வேண்டாம் என்றேன். முதலில் அரச வைத்தியசாலைக் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றேன். குருதிச்சோகை, தைரொயிட், சீனி, இதயம், நுரையீரல் ஆகியவற்றை அங்கே பார்க்கலாம். களைப்புக்கு இவற்றில் ஒன்று காரணமாக இருந்தால் அதற்கு மருந்து உண்டு. அவருக்குக் குருதிச்சோகை இருந்தது. இப்போது மருந்து எடுக்கிறார்.

மீதிக் களைப்புக்கு, வேலையைப் பங்கிடச் சொன்னார்கள். உழைத்த மறுநாள் உடல் விழுந்துவிடுகிறவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்தால் நிலைமை மோசமாகும். களைக்கும் முன்பே ஓய்வெடுக்க வேண்டும். அவர் இப்போது பதினைந்து நிமிடம் நெய்கிறார், பிறகு படுக்கிறார், மறுபடி தறிக்குப் போகிறார். கிளினிக் கொப்பியில் 2020இல் வந்த காய்ச்சலையும் வாசனை போனதையும் எழுதுமாறு வைத்தியரிடம் கேட்டோம். எழுதினார்.

களைப்பு முழுதாகப் போகவில்லை. நாளை பெரிய ஆய்வுகள் இந்தச் சிகிச்சைக்கு ஆதரவாக வந்தால் நானே அவருக்குச் சொல்வேன். அதுவரை ராத்தாவின் நகை அலுமாரியிலேயே இருக்கட்டும்.