கம்ப்யூட்டருக்குள் ஓடும் வாய்க்கால்! கடைமடைக்கு எட்டுமா?

தஞ்சாவூர்-

மேட்டூர் அணை திறந்த செய்தி வந்ததும் தஞ்சாவூர் டீக்கடைகளில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "கல்லணைக்கு வந்துடுச்சா?"

கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. அந்தக் கால்வாய்க்கு ஊரார் வைத்த பெயர் புது ஆறு. மிச்சம் கொள்ளிடத்துக்கு. வெண்ணாறு தென்பெரம்பூரில் மறுபடி பிரியும். நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் இன்னொரு தரம். ஷட்டரை ஏற்றி இறக்கும் லஸ்கருக்கு அடுத்த ஊரில் என்ன பயிர் என்று தெரிய வேண்டியதில்லை. தன் மதகைப் பார்த்துக் கொண்டால் போதும்.

இதே மாதிரி கம்ப்யூட்டர் புரோகிராமும் எழுதலாம். எழுதி 50 வருஷம் தாண்டிவிட்டது!

கனடா பேங்கில்...

கனடாவில் ஐ.பி.எம். கம்பெனியில் வேலை பார்த்தவர் பால் மாரிசன். பேங்க் கணக்கு வேலைக்கு அவர் ஒரே நீளமான புரோகிராம் எழுதவில்லை. சின்னச் சின்னப் பெட்டிகளாகப் பிரித்தார். ஒரு பெட்டி விவரத்தை வாசிக்கும். ஒன்று சரிபார்க்கும். இன்னொன்று அச்சுக்கு அனுப்பும். பெட்டிக்குப் பெட்டி வாய்க்கால். அதில் தகவல் ஓடும். 'ஃப்ளோ பேஸ்டு புரோகிராமிங்' என்று இதற்குப் பெயர்.

1971-ல் ஐ.பி.எம். இந்த யுக்தியைத் தன் தொழில்நுட்ப இதழில் அச்சிட்டது. காப்புரிமை வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துக் கொள்ளலாம்.

எடுத்தார்களா? அதுதான் இல்லை! மாரிசனின் புத்தகமே 1994-ல்தான் வந்தது. பிறகு ஜாவா, சி ஷார்ப் மொழிகளில் 'லைப்ரரி'யும் எழுதி இலவசமாகக் கொடுத்தார். லைப்ரரி என்றதும் சரஸ்வதி மஹாலை நினைக்க வேண்டாம். எழுதி முடித்த புரோகிராம் துண்டுகளின் மூட்டை அது. மூட்டை இருந்தது, அவிழ்க்கத்தான் ஆள் குறைவு. எந்தப் பெட்டியோடு எது சேரும் என்பதை வரி வரியாக எழுத வேண்டும். மனசுக்குள் படம், கையில் எழுத்து. புதிதாக வருகிறவன் முதல் நாளே மிரண்டு போவான்.

கோடு இழுத்தால் போதும்

2013-ல் இங்கிலாந்தில், அதே ஐ.பி.எம்.மின் ஹர்ஸ்லி கூடத்தில், நிக் ஓ'லியரி, டேவ் கான்வே ஜோன்ஸ் இருவரும் 'நோட் ரெட்' செய்தார்கள். திரையில் பெட்டியை இழுத்து வை. கோடு போட்டு இணை. படம்தான் புரோகிராம். இதுவும் இலவசம். கையடக்க ராஸ்பெர்ரி பை கம்ப்யூட்டரிலேயே ஓடும். 'இன்ஜெக்ட்' பெட்டியையும் 'டீபக்' பெட்டியையும் சேர்த்து ஒரு பொத்தானை அமுக்கினால் பலன் அப்போதே தெரியும். தடிப் புத்தகம் செய்யாததை இந்தச் சின்னக் கோடு செய்தது.

நம்ம ஊர் உதாரணம் ஒன்று. அரசு கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. ஈரமானியைக் கம்ப்யூட்டரோடு இணைத்து ஒரு பெட்டி. '17-க்கு மேலா?' என்று கேட்க ஒரு பெட்டி. மேலே போனால் செல்போனுக்குச் செய்தி அனுப்ப மூன்றாவது பெட்டி. மழை வருஷங்களில் இந்த 17-ஐத் தளர்த்தியது உண்டு. அப்போது நடுப் பெட்டியில் நம்பரை மட்டும் மாற்றினால் தீர்ந்தது. எழுதின பையன் வேலை கிடைத்து சென்னைக்கு ரயில் ஏறிவிட்டாலும், குமாஸ்தா படத்தைப் பார்த்தே புரிந்து கொள்வார். இல்லாவிட்டால் அவனைத் தேடிப் போன் மேல் போன்தான்!

மதகு எங்கே?

ஒரு விஷயத்தை மட்டும் ஆரம்பத்தில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. மாரிசன் முறையில் ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஓர் அளவு உண்டு. நிரம்பிவிட்டால் மேல் பெட்டி தானாக நிற்கும். நோட் ரெட்டில் அப்படித் தானாக மூடும் மதகு கிடையாது. மேலிருந்து வேகமாக வந்து கீழே பெட்டி மெதுவாக வேலை செய்தால் தகவல் குவியும். கரை உடைகிற கதைதான். சுலபமாக்குகிறோம் என்று இதை மறைப்பது சரியல்ல. முதல் பாடத்திலேயே மதகைக் காட்ட வேண்டும்.

பாடங்களில் பெரும்பாலானவை இங்கிலீஷில் இருப்பது இன்னொரு தடை. தலைமடையில் தண்ணீர் நுரைத்து ஓடும், கடைமடையில் வெடிப்பு. ஆனால் பெட்டிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்க நோட் ரெட் இடம் தருகிறது. 'களத்து நெல்', 'ஈரம் எவ்வளவு?', 'அண்ணாச்சிக்குச் சொல்லு' என்று மூன்று பெட்டிக்குப் பெயர் எழுதிக் கோடு இழுத்தால், அது அப்படியே ஓடும்.