மிதிவண்டியும் வீட்டு உடைமைக் காப்பீடும் (ஐக்கிய இராச்சியம்)

வீட்டு உடைமைக் காப்பீடு என்பது, வீட்டிலுள்ள அசையும் பொருட்கள் களவு, தீ, வெள்ளம் முதலிய காரணங்களால் இழக்கப்படும்போதோ சேதமடையும்போதோ அதற்கு ஈடு வழங்கும் ஒப்பந்தம் ஆகும். ஐக்கிய இராச்சியத்தில் மிதிவண்டிகளும் இத்தகைய உடைமைகளுள் ஒன்றாகவே பொதுவாகக் கருதப்படுகின்றன. ஆயினும், நாற்காலியும் தொலைக்காட்சிப் பெட்டியும் வீட்டிலேயே இருப்பவை. மிதிவண்டியோ வெளியே செல்வதற்காகவே வாங்கப்படுவது. ஆகவே மிதிவண்டி எங்கே இருந்தது, எதனோடு பூட்டப்பட்டிருந்தது, அதன் மதிப்பு முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டதா ஆகிய மூன்று கேள்விகளே இழப்பீடு கிடைக்குமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. ஒப்பந்தத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டணத்தை மட்டும் ஒப்பிடுவது இக்காரணத்தால் போதுமானதாக இராது.

பின்னணி

இங்கிலாந்தில் வீடுகளுக்கான தீக் காப்பீடு, 1666ஆம் ஆண்டின் இலண்டன் பெருந்தீயைத் தொடர்ந்து அந்நூற்றாண்டிலேயே தோன்றியது. களவுக்கு எதிரான காப்பீடு 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலேயே பரவலாயிற்று. இன்று வீட்டுக் காப்பீடு இரண்டு பிரிவுகளாக விற்கப்படுகின்றது. சுவர், கூரை, குழாய்கள் போன்ற நிலையான பகுதிகளுக்கானது கட்டடக் காப்பீடு. எடுத்துச் செல்லக்கூடிய பொருட்களுக்கானது உடைமைக் காப்பீடு. வாடகை வீட்டில் வீட்டு உரிமையாளர் எடுத்திருக்கும் கட்டடக் காப்பீடு குடியிருப்பவரின் பொருட்களுக்குப் பொருந்தாது. எனவே வாடகைக்கு இருப்பவர் தமது மிதிவண்டிக்குத் தாமே காப்பீடு பெறவேண்டும்.

"வீடு" என்பதன் பொருள்

ஒவ்வோர் ஒப்பந்தத்தின் தொடக்கத்திலும் சொற்களுக்கான வரையறைகள் இடம்பெறும். மிதிவண்டி உரிமையாளருக்கு இவற்றுள் முதன்மையானது "வீடு" என்னும் சொல்லின் வரையறை ஆகும். வீட்டினுள் இருந்து களவுபோன மிதிவண்டிக்கு அடிப்படை ஒப்பந்தமே பெரும்பாலும் ஈடு வழங்கும். தோட்டத்துக் கொட்டகை, மகிழுந்துக் கொட்டில் ஆகியவை வீட்டின் பகுதியாகக் கருதப்பட்டாலும், அவற்றில் உள்ள பொருட்களுக்குத் தனியான, குறைந்த உச்ச வரம்பு விதிக்கப்படுவதுண்டு. அவை பூட்டப்பட்டிருந்ததற்கும், வன்முறையாக உடைத்து நுழைந்ததற்குமான அடையாளமும் கோரப்படலாம்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பலர் பயன்படுத்தும் பொது நடைக்கூடமும் மாடிப்படியின் அடிப்பகுதியும் பல ஒப்பந்தங்களில் "வீடு" ஆகா. அங்கு நிறுத்தப்படும் மிதிவண்டி, தெருவில் நிறுத்தப்பட்டது போலவே கணிக்கப்படலாம். பல பல்கலைக்கழக விடுதிகளில் வாடகையோடு சேர்த்து ஒரு கூட்டு உடைமைக் காப்பீடு வழங்கப்படுகின்றது. அறைக்கு வெளியே மிதிவண்டிக்கு அது பாதுகாப்பு அளிக்கின்றதா என்பதை மாணவர்கள் தனியே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டிற்கு வெளியே பாதுகாப்பு

நிலையத்திலோ கடைத்தெருவிலோ பணியிடத்திலோ மிதிவண்டி களவுபோனால், அடிப்படை ஒப்பந்தம் பொதுவாக ஈடு வழங்காது. இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, வெளியே எடுத்துச் செல்லும் தனிப்பட்ட உடைமைகளுக்கான விரிவாக்கத்தைச் சேர்ப்பது. இரண்டாவது, மிதிவண்டிக்கென்றே உள்ள கூடுதல் பிரிவைச் சேர்ப்பது. முதல் வகை விரிவாக்கங்கள் சில, கைப்பேசி, நகை முதலியவற்றை உள்ளடக்கினும் மிதிவண்டியை விலக்குகின்றன. ஆகவே விரிவாக்கம் வாங்கப்பட்டது என்பதனால் மட்டும் மிதிவண்டி உள்ளடங்கியது என்று கொள்ளலாகாது. வெளிநாட்டுப் பயணத்தின்போது பாதுகாப்பு உண்டா, எத்தனை நாட்களுக்கு என்பதும் ஒப்பந்தத்திற்கு ஒப்பந்தம் வேறுபடும்.

பூட்டு தொடர்பான நிபந்தனைகள்

வெளியே நிறுத்தப்படும் மிதிவண்டி, பெயர்க்க இயலாத ஒரு பொருளுடன் சட்டகத்தின் வழியாகப் பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை ஆகும். முன்சக்கரத்தை மட்டும் பூட்டினால் அதனைக் கழற்றிவிட்டு ஏனைய பகுதியை எடுத்துச் செல்லலாம் என்பதே இதன் காரணம். நிலத்தில் ஊன்றிய இரும்பு வளையம் பெயர்க்க இயலாதது. மேற்புறம் திறந்த குட்டையான கம்பமோ, மெல்லிய மரக்கன்றோ அவ்வாறாகாது.

சில நிறுவனங்கள் பூட்டின் தரத்தையும் குறிப்பிடுகின்றன. இதற்குப் பெரும்பாலும் சோல்ட் செக்யூர் அமைப்பின் தரநிலை பயன்படுகின்றது. 1992இல் நார்தம்பிரியா, எசெக்சு காவல்துறைகளால் உள்துறை அமைச்சின் துணையுடன் தொடங்கப்பட்ட இவ்வமைப்பு, பின்னர் பூட்டுத் தொழிலாளர் சங்கமொன்றின் பொறுப்பில் வந்தது. பூட்டுகளைக் கருவிகளால் தாக்கிச் சோதித்து, அவற்றுக்கு வெண்கலம், வெள்ளி, தங்கம் எனத் தரம் வழங்குகின்றது. அண்மைக்காலத்தில் வைரம் என்னும் உயர்தரமும் சேர்க்கப்பட்டுள்ளது. ஒப்பந்தம் தங்கத் தரத்தைக் கோரும்போது வெள்ளித் தரப் பூட்டைப் பயன்படுத்தியவரின் கோரிக்கை மறுக்கப்படலாம். பூட்டு வாங்கிய பற்றுச்சீட்டையும் பாதுகாத்து வைப்பது இதனால் இன்றியமையாதது.

மதிப்பும் உச்ச வரம்பும்

உடைமைக் காப்பீட்டில் மொத்தத் தொகைக்கு ஒரு வரம்பும், எந்தவொரு தனிப் பொருளுக்கும் ஒரு வரம்பும் இருக்கும். தனிப் பொருளுக்கான வரம்பு 1,000 பவுண்டு எனில், 1,800 பவுண்டு பெறுமதியான மிதிவண்டியைப் பெயர் குறிப்பிட்டு ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும். அவ்வாறு சேர்க்கப்படாதபோது, வரம்புக்கு மேற்பட்ட 800 பவுண்டை உரிமையாளரே இழக்க நேரிடும். சில ஒப்பந்தங்களில் எதுவுமே கிடைக்காமலும் போகலாம்.

இழப்பைக் கணிக்கும் முறை இரு வகைப்படும்.

பழையதற்குப் புதியது: அதே தரமுள்ள புதிய மிதிவண்டியின் இன்றைய விலை வழங்கப்படும். ஆகவே வாங்கிய விலையை அல்லாது, இன்று புதிதாக வாங்க ஆகும் விலையையே தெரிவிக்க வேண்டும்.

தேய்மானம் கழித்தது: மிதிவண்டியின் வயதுக்கேற்ப ஒரு பகுதி கழிக்கப்படும். கட்டணம் குறைவாக இருப்பினும் ஈடும் குறைவாகும்.

வீட்டுப் பொருட்கள் அனைத்தின் மதிப்பையும் குறைத்துக் கூறுவதும் மிதிவண்டியைப் பாதிக்கலாம். பல ஒப்பந்தங்களில் விகிதாசார விதி உள்ளது. 40,000 பவுண்டு பெறுமதியான உடைமைகளை 20,000 பவுண்டுக்கு மட்டும் காப்பீடு செய்தவர், 1,000 பவுண்டு மிதிவண்டியை இழக்கும்போது 500 பவுண்டையே பெறக்கூடும்.

சொந்தப் பொறுப்புத் தொகை

ஒவ்வோர் இழப்பிலும் காப்பீடு பெற்றவரே ஏற்க வேண்டிய பகுதி சொந்தப் பொறுப்புத் தொகை ஆகும். இத்தொகையை உயர்த்தினால் கட்டணம் குறையும். ஆனால் 400 பவுண்டு மிதிவண்டிக்கு 250 பவுண்டு சொந்தப் பொறுப்பு எனில், கிடைப்பது 150 பவுண்டு மட்டுமே. அதனைக் கோருவதால், இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காக வழங்கப்படும் தள்ளுபடியும் குறையலாம். மலிவான மிதிவண்டி வைத்திருப்பவருக்குக் கூடுதல் பிரிவைவிட நல்ல பூட்டே சிக்கனமானதாக இருக்கக்கூடும்.

பொதுவான விலக்குகள்

- பந்தயங்களின்போது ஏற்படும் சேதம்
- பொருட்களைக் கொண்டுசேர்ப்பது போன்ற தொழில்முறைப் பயன்பாடு
- மிதிவண்டி முழுவதும் களவுபோகாதபோது தனியே களவுபோன சக்கரம், இருக்கை, விளக்கு முதலியன
- தேய்மானம், துரு, இயந்திரக் கோளாறு
- நெடுநேரம் ஒரே பொது இடத்தில் விட்டுச் செல்லப்பட்ட மிதிவண்டி

மின்மிதிவண்டிகளுக்குத் தனிக் கவனம் தேவை. பெரிய பிரித்தானியாவில், மிதிகட்டைகள் உடையதும், தொடர் ஆற்றல் 250 வாட்டுக்கு மிகாததும், மணிக்கு 15.5 மைல் வேகத்தில் மின்னுந்தல் நின்றுவிடுவதுமான மின்மிதிவண்டியே சட்டப்படி மிதிவண்டியாகக் கருதப்படும். இவ்வரம்புகளை மீறியது மோட்டார் வாகனம் ஆகும்; உடைமைக் காப்பீடு மோட்டார் வாகனங்களைப் பொதுவாக விலக்குகின்றது. பணியாளர்களுக்கு வரிச் சலுகையுடன் மிதிவண்டி வழங்கும் திட்டத்தில் பெறப்பட்டது, தவணைக் காலத்தில் பணியாளருக்குச் சொந்தமானதன்று. அதனையும் காப்பீட்டு நிறுவனத்திற்குத் தெரிவித்தல் வேண்டும்.

தனி மிதிவண்டிக் காப்பீடு

மிதிவண்டிக்கென்றே தனிக் காப்பீடுகளும் விற்கப்படுகின்றன. பந்தயம், விபத்துச் சேதம், உதிரிப் பாகங்களின் களவு ஆகியவற்றை இவை உள்ளடக்குவதுண்டு. இவற்றில் இழப்பீடு பெறுவது வீட்டுக் காப்பீட்டின் தள்ளுபடியைப் பொதுவாகக் குறைப்பதில்லை. மறுபுறம், ஒரே குடும்பத்தில் பல மிதிவண்டிகள் இருப்பின் வீட்டு ஒப்பந்தத்தில் சேர்ப்பது மலிவாக அமையலாம். பிறருக்கு ஏற்படும் காயத்திற்கான பொறுப்பு பல வீட்டு ஒப்பந்தங்களில் அடங்கியுள்ளது. 1878இல் தொடங்கப்பட்டு இன்று சைக்கிளிங் யூகே என அழைக்கப்படும் சங்கமும் தன் உறுப்பினர்களுக்கு இத்தகைய பொறுப்புக் காப்பீட்டை வழங்குகின்றது. ஆனால் அது களவுக்கான காப்பீடு அன்று.

கோரிக்கையும் உரிமைகளும்

களவு நிகழ்ந்தவுடன் காவல்துறைக்கு அறிவித்துக் குற்றப் பதிவு எண்ணைப் பெறவேண்டும். பற்றுச்சீட்டு, நிழற்படம், சட்டக எண் ஆகியவை உடைமைக்குச் சான்றாகும். சட்டக எண் பெரும்பாலும் மிதிகட்டை அச்சின் அடிப்பகுதியில் பொறிக்கப்பட்டிருக்கும். இதனைப் பைக் ரெஜிஸ்டர் எனும் தேசியத் தரவுத்தளத்தில் பதிவு செய்யலாம். மீட்கப்படும் மிதிவண்டிகளின் உரிமையாளரைக் கண்டறியக் காவல்துறையினர் அதனைப் பயன்படுத்துகின்றனர்.

நுகர்வோர் காப்பீட்டுச் சட்டம் 2012இன்படி, நிறுவனம் கேட்கும் கேள்விகளுக்குத் தவறான விடை அளிக்காதிருக்க நுகர்வோர் உரிய கவனம் எடுக்க வேண்டும். கவனக்குறைவால் நேர்ந்த தவறுக்கு ஈட்டுத்தொகை விகிதப்படி குறைக்கப்படலாம். வேண்டுமென்றே செய்தால் ஒப்பந்தமே செல்லாததாக்கப்படலாம். காப்பீட்டுச் சட்டம் 2015 மற்றொரு பாதுகாப்பை வழங்குகின்றது. மீறப்பட்ட நிபந்தனை உண்மையில் நிகழ்ந்த இழப்பின் வாய்ப்பைக் கூட்டியிருக்க முடியாது என நிறுவப்பட்டால், அம்மீறலைக் காட்டி ஈட்டை மறுக்கலாகாது. எடுத்துக்காட்டாக, வீட்டில் பற்றிய தீயில் மிதிவண்டி எரிந்துபோனால், பூட்டின் தரம் குறைவு என்பது மறுப்புக்குக் காரணமாகாது.

சனவரி 2022 முதல், பழைய வாடிக்கையாளரிடம் புதுப்பித்தலின்போது, அதே நிலையிலுள்ள புதிய வாடிக்கையாளரிடம் பெறுவதைவிடக் கூடுதல் கட்டணம் பெறுவதை நிதி நடத்தை ஆணையத்தின் விதிகள் தடை செய்கின்றன. எனினும் நிறுவனங்களுக்கிடையே கட்டணமும் நிபந்தனைகளும் வேறுபடுவதால், ஆண்டுதோறும் ஒப்பிட்டுப் பார்ப்பது இன்றும் பயனுடையது.

கோரிக்கை மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்திடமே எழுத்து மூலம் முறையிட வேண்டும். எட்டு வாரங்களுக்குள் இறுதி விடை கிடைக்காதபோதோ, விடை நிறைவளிக்காதபோதோ நிதி முறைகேள் சேவையை நாடலாம். இறுதி விடை கிடைத்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் இதனைச் செய்தல் வேண்டும். நுகர்வோருக்கு இச்சேவை இலவசம். அதன் இறுதித் தீர்ப்பை நுகர்வோர் ஏற்றுக்கொண்டால், அது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்.