சுவையும் வெறியும்: பீரை மதிப்பிடும் தொழில் பற்றி

பீர் என்ற சொல்லைக் கேட்டதும் முகஞ்சுளிக்கும் இல்லங்கள் நம் சாம்பியன் ரீப்ஸில் மிகுதி. அதற்குக் காரணமும் உண்டு. மூவாயிரம் மீட்டருக்கும் கீழே, பாறையே அனல் வீசும் ஆழத்தில் உழைத்து மேலேறி வந்தவர்களுள் பலர், சம்பள நாளன்று நேரே சென்ற இடம் எதுவென்று நம் பாட்டிமாரைக் கேட்டால் சொல்வார்கள். சுரங்கம் 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாள் மூடப்பட்டது. சாராயத்தைக் கர்நாடக அரசு 2007ஆம் ஆண்டு ஜூலை முதல் தடை செய்தது. ஆயினும் லைன் வீடுகளில் அந்தப் புண் முழுதும் ஆறிவிடவில்லை. ஆகவே, பீரைச் சுவைத்து மதிப்பெண் இடுவதும் ஒரு தொழிலே என்று நாம் எழுதத் துணியும்போது, குடிக்குப் பரிந்துபேச வந்ததாக அன்பர்கள் கருதலாகாது.

இப்பொருளை எடுத்துக்கொள்ள வேண்டிய தேவை இருக்கிறது. நாள்தோறும் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்குப் பிழைக்கச் செல்கிறார்கள் நம் பிள்ளைகள். அந்நகரில் 2010ஆம் ஆண்டளவிலிருந்து, பீரைத் தம் கூடத்திலேயே காய்ச்சி அங்கேயே பரிமாறும் சிறு ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றிப் பெருகியிருக்கின்றன. காய்ச்சுவது, சோதிப்பது, பரிமாறுவது, கணக்கெழுதுவது என்று அங்கே வேலைகள் பல. மகனோ மகளோ அத்தகைய இடத்தில் வேலை கிடைத்ததென்று வந்து சொன்னால், வீட்டில் அன்றிரவு அடுப்பு மூளாது. அந்த வேலை எத்தகையது என்பதைத் தெரிந்துகொண்ட பின்பு சினங்கொள்வதா மகிழ்வதா என்று முடிவு செய்யலாம் அல்லவா?

குடிப்பவனை நோக்கி எழும் கேள்விகள் இரண்டு. ஒன்று, "எவ்வளவு ஏறும்?" மற்றொன்று, "என்ன சுவை?" நம்மவர் குடித்த காலமெல்லாம் முதற்கேள்வி ஒன்றையே கேட்டுவந்தனர். ஜான் டெய்லர் கம்பெனி 1880ஆம் ஆண்டில் தங்கவயலில் கால்வைத்த நாள்முதல் துரைமாருக்குக் கிளப்பும் நம்மவர்க்குச் சாராயக்கடையுமாகப் பிரிந்தே இருந்தது. துரைமாரின் புட்டியில் ஆலையின் பெயரும் ஊரின் பெயரும் இருந்தன. நம்மவர் கிளாசில் என்ன இருந்ததென்று கேட்பாரில்லை. ஏறவேண்டும், விரைவில் ஏறவேண்டும், மலிவாக ஏறவேண்டும் என்று கேட்பவனுக்கு விற்பவன் எதைக் கலந்து கொடுத்தான் என்பதை நாடறியும். 1981ஆம் ஆண்டு பெங்களூரில் நச்சுச் சாராயத்திற்கு முந்நூறுக்கும் மேற்பட்டோர் இரையாயினர். சாராயத் தடை வந்த மறு ஆண்டே, 2008 மே மாதத்தில், கர்நாடகத்திலும் தமிழக எல்லைப் புறத்திலுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இவ்விடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். அந்த நஞ்சின் பெயர் மெதனால். அது உடலினுள் சென்று பார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைக் கெடுக்கும், உயிரையும் குடிக்கும். அதை மணத்தாலோ சுவையாலோ சாராயத்தினின்று பிரித்தறிய எந்த நாவாலும் இயலாது. எத்துணைத் தேர்ந்த சுவைஞரும் அதன் முன் குருடரே. கள்ளச்சாராயத்தை "ருசி பார்த்து" வாங்கலாம் என்று எவரேனும் சொன்னால் அவர் சொல்லை நம்பற்க. சுவைஞரின் தொழில், தானியம் இன்னது, ஆலை இன்னது என்று வெளிப்படையாக அறியப்பட்ட பானத்தின்மீதே நடப்பது.

இனி அத்தொழில் நடக்கும் முறையைக் காண்போம். அமெரிக்காவில் 1985ஆம் ஆண்டு பீர் நடுவர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்றளிக்கும் அமைப்பு ஒன்று ஏற்பட்டது. அதன் மதிப்பெண் தாள் இன்று பல நாடுகளில் வழங்குகிறது. மொத்தம் 50 மதிப்பெண். மணத்திற்கு 12, தோற்றத்திற்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, ஒட்டுமொத்தமாக 10. கூட்டிப் பாருங்கள், "ஏறுவதற்கு" ஒரு மதிப்பெண்கூட இல்லை. நம் நாட்டில் விற்கும் பீரில் பெரும்பகுதி "ஸ்ட்ராங்" என்ற அந்த ஒரு சொல்லை நம்பியே விலைபோவதை நினைத்தால் இது வியப்பூட்டும்.

நடுவர் அமரும் மேசையும் குடிக்கடையின் மேசைக்கு நேர்மாறானது. வாசனைத் தைலம் பூசி வரலாகாது. புகை பிடித்துவிட்டோ மிளகாய்க் குழம்பு உண்டுவிட்டோ வரலாகாது. கண்ணாடிக் குவளையில் சோப்பின் சுவடு இருந்தாலும் நுரை கலைந்துவிடும் என்பதால் அதைத் தூய நீரில் அலசுவர். எந்த ஆலையின் பீர் என்பது மறைக்கப்பட்டிருக்கும். எண் மட்டுமே தெரியும். மென்மையானதிலிருந்து கடுமையானதற்கும் இளநிறத்திலிருந்து கருநிறத்திற்குமாக வரிசை அமையும். முதலில் முகர்தல், பின்பு நிறமும் நுரையும் நோக்கல், அதன்பின் ஒரு வாய். இடையிடையே தண்ணீரும் உப்பில்லா ரொட்டித் துண்டும். திராட்சை மதுவைச் சுவைப்போர் உமிழ்ந்துவிடுவதுண்டு. பீரிலோ கசப்பும் விழுங்கியபின் தங்கும் சுவையும் முக்கியமாதலால் ஓரிரு மிடறு விழுங்கியே ஆகவேண்டும். அதனாலேயே அளவு மிகக் குறைவு. தலை சுற்றிய நடுவரின் தாளுக்கு மதிப்பில்லை. குடித்துக் களிப்பவர் இந்த மேசையில் அரைமணி நேரம் தாங்கமாட்டார் என்பது எம் கருத்து.

குற்றங்காணும் பகுதிதான் எமக்கு மிகச் சுவையாகப் பட்டது. வெண்ணெய் மணம் வீசினால் நொதித்தல் முற்றுப்பெறுமுன் அவசரப்பட்டிருக்கிறார்கள். பச்சை ஆப்பிளின் மணம் வந்தால் அதுவும் முதிராமையின் அறிகுறி. வேகவைத்த சோளத்தின் மணம் கொதிக்கவைத்ததில் குறை காட்டும். புட்டியை வெயிலில் வைத்தால் ஒளிபட்டு ஒருவகைக் கெட்ட நாற்றம் பிறக்கும். பழுப்பு நிறப் புட்டி அதைப் பெரிதும் தடுக்கும். பச்சைப் புட்டி தடுக்காது. ஆனால் குற்றம் என்பது எங்கும் குற்றமன்று. ஜெர்மனியின் பவேரியாவில் கோதுமை கலந்து ஆக்கும் பீரில் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கவேண்டும். அது அவ்வூர் ஈஸ்டின் கொடை. அதே வாழைப்பழ மணம் பில்சனர் வகையில் தோன்றினால் மதிப்பெண் குறையும். ஊரும் வகையும் அறியாமல் தீர்ப்புச் சொல்லலாகாது என்பதால்தான் நடுவர்க்குத் தேர்வு வைக்கிறார்கள்.

ஊர்தோறும் சுவை மாறுவானேன்? பேத்தமங்கலத்து நீரில் போட்ட தேநீரையும் ஆழ்துளைக் கிணற்று நீரில் போட்ட தேநீரையும் அருந்தியவர்க்கு விடை தெரியும். பீரில் பெரும்பகுதி நீரே. செக் நாட்டுப் பில்சன் நகரத்து நீர் உப்புச் சத்து மிகக் குறைந்த மென்னீர். 1842ஆம் ஆண்டு யோசப் கிரோல் என்ற பவேரியர் அங்கே பொன்னிறப் பீரை ஆக்கியபோது, அந்நீரே அதற்கு மென்மை தந்தது. இங்கிலாந்தின் பர்ட்டன் ஊர் நீரில் ஜிப்சம் மிகுதி. அது ஹாப்ஸ் என்னும் கொடியின் கசப்பைக் கூர்மையாக்கும். அயர்லாந்தின் டப்ளின் நீர் சுண்ணாம்புத் தன்மை மிக்கது. வறுத்த கரிய தானியத்தின் புளிப்பு அதைச் சமன்செய்வதால் அங்கே கரும்பீர் சிறந்தது. பெல்ஜியத்தில் பிரசல்ஸ் நகரையொட்டிக் குளிர்காலத்தில் திறந்த தொட்டியில் ஆறவைத்து, காற்றில் வரும் நுண்ணுயிர்களே நொதிக்கவிடுகிறார்கள். அந்தப் புளிப்பு வேறெங்கும் அப்படியே வாய்ப்பதில்லை. "இந்தியா" என்று நம் நாட்டின் பெயரையே தாங்கிய பீர் ஒன்றும் உண்டு. கப்பலில் மாதக்கணக்கில் இங்கு வரவேண்டியிருந்தமையால் ஹாப்ஸ் மிகுதியாக இட்டு அனுப்பப்பட்ட வெளிர்நிறப் பீர் அது. நம் நாட்டின் தானியம் ஒரு மணியும் அதில் இல்லை.

தானியத்தை முளைகட்டி நொதிக்கவைக்கும் வித்தை நமக்கு வெளியிலிருந்து வந்ததன்று. பத்துப்பாட்டில் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையைப் படித்தோர் அறிவர். அரிசிக் கூழைக் காய்ச்சி, அகன்ற தட்டில் ஆற்றி, நெல் முளையைச் சேர்த்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து விளையவிட்ட அரிசிக் கள்ளின் செய்முறையை அப்புலவர் வரிசை பிறழாமல் சொல்கிறார். பார்லிக்குப் பதில் நெல். ஹாப்ஸ் மட்டும் இல்லை. வீட்டில் ஆக்கிய அவ்வகைக் கள்ளுக்குத் தோப்பி என்ற பெயரும் அந்நூலில் உண்டு. தேறல், நறவு, அரியல் என்று வேறு வேறு பெயரிட்ட முன்னோர், "ஏறும் சரக்கு" என்ற ஒரே பெயரால் எல்லாவற்றையும் அழைக்கவில்லை.

நம் கோலார் மாவட்டத்தில் நெல்லைவிடக் கேழ்வரகே பெரிது. முளைகட்டி உலர்த்தி அரைத்த கேழ்வரகு மாவைக் குழந்தைக்குக் கூழாகக் காய்ச்சாத தாய் இங்கில்லை. ஆலைக்காரர்கள் "மால்ட்" என்று அழைப்பதும் முளைகட்டி உலர்த்திய தானியத்தையே. நடுவர்களின் வகைநூலில், பார்லியல்லாத தானியம் சேர்த்த பீருக்கென்றே தனிப் பிரிவு ஒன்றிருக்கிறது. அதில் போட்டிக்கு அனுப்புவோர் எந்தத் தானியம் என்பதைக் குறிப்பிட்டே தீரவேண்டும். அந்தத் தானியத்தின் தன்மை குவளையில் தெரிகிறதா, பீரின் தன்மையோடு இணங்கியிருக்கிறதா என்று நடுவர் பார்ப்பார். கேழ்வரகு என்று எழுதிய தாளோடு ஒரு குவளை அயல்நாட்டு நடுவர் முன் வைக்கப்பட்டால், அவர் அந்த மணத்தை எதனோடு ஒப்பிட்டு அறிவார்? வாணலியில் கேழ்வரகு வறுபடும் மணம் அவர் வீட்டு அடுக்களையில் எழுந்ததில்லை. அந்த மேசையில் அதைப் பிழையின்றி அடையாளங்காணும் மூக்கு, லைன் வீட்டில் கேழ்வரகுக் களி தின்று வளர்ந்து, இன்று சாம்பியன் நிலையத்தில் ரயிலேறும் பெண்ணுக்கோ பிள்ளைக்கோ வாய்த்ததாக இருக்கும்.