வீட்டுக்கு விரைவில் நிழல் தரும் மரங்கள்

சித்திரை, வைகாசி மாதங்களில் ஓட்டு வீடானாலும் காரை வீடானாலும் பிற்பகலில் உள்ளே இருக்க முடிவதில்லை. கொட்டகையில் கட்டிய கறவை மாடு மூச்சிரைக்கிறது, தீவனம் குறைவாக எடுக்கிறது, பாலும் குறைகிறது. ஆகவே, 'சீக்கிரம் நிழல் தரும் மரம் எது?' என்று உழவர்கள் கேட்பது இயல்பே. அத்துடன் 'அம்மரம் புயலில் நிற்குமா?' என்றும் கேட்க வேண்டும்.

விரைவாக வளரும் மரங்களில் பலவற்றுக்குக் கட்டை மென்மையானது. முருங்கைக் கிளை சிறு காற்றுக்கே முறிவதை அறிவீர்கள். 2016 டிசம்பரில் சென்னையைத் தாக்கிய வர்தா புயலிலும், 2018 நவம்பரில் வேதாரணியம் அருகே கரை கடந்த கஜா புயலிலும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. நிழலுக்கு வைத்த மரமே கூரை மீதும் மாட்டின் மீதும் விழலாகாது.

இரு வகை மரங்களைச் சேர்த்து நடுக

இதற்கு எளிய வழி உண்டு. நீண்ட காலம் நிற்கும் வேம்பு, புங்கம் ஆகியவற்றில் ஒன்றை நிலையான மரமாக நடுங்கள். அதிலிருந்து 12 அடி தள்றி, வீட்டுக்கு எதிர்ப்புறமாக, வாதநாராயணன் அல்லது பூவரசு நடுங்கள். இவை முதல் சில ஆண்டுகளில் நிழல் தரும். வேம்பு தலையெடுத்ததும் இவற்றை வெட்டி விடலாம். வாதநாராயணன் தழை நல்ல பசுந்தழை உரம். பூவரசு இலையை ஆடு மாடுகள் தின்னும்.

பூவரசுப் போத்து எளிதில் துளிர்க்கும். ஆனால் போத்திலிருந்து வரும் மரத்துக்கு ஆணிவேர் இராது. அதனால் பலத்த காற்றில் வேரோடு சாயக்கூடும். வீட்டருகே விதைக் கன்றே ஏற்றது.

தூங்குமூஞ்சி மரம் குடைபோல் மிக அகலமாகப் படரும். அதைக் களத்து மேட்டில் வையுங்கள், வீட்டருகே வேண்டாம்.

நடும் இடம்

கோடையில் சூரியன் நேர் மேற்கிலிருந்து சற்று வடக்கே தள்ளி மறைகிறது. எனவே வீட்டின் மேற்கு, வடமேற்குப் பக்கங்களில் நட்டால் பிற்பகல் வெயில் தடுக்கப்படும். சுவரிலிருந்து 15 முதல் 20 அடி இடைவெளி விடுங்கள். மின்கம்பிக்குக் கீழும் கிணற்றை ஒட்டியும் நட வேண்டாம்.

நடவு முறை

2 அடி நீளம், அகலம், ஆழமுள்ள குழி எடுத்துச் சில நாள் ஆறப்போடவும். மேல்மண்ணுடன் 10 கிலோ மக்கிய தொழு உரம், அரைக் கிலோ வேப்பம் பிண்ணாக்கு கலந்து நிரப்பவும். புரட்டாசி, ஐப்பசி மழையில் நடுவது நல்லது.

பாலிதீன் பையைக் கிழித்தவுடன் வேரைப் பாருங்கள். நாள்பட்ட கன்றில் ஆணிவேர் பையின் அடியில் சுருண்டிருக்கும். அப்படியே நட்டால் மேலே செழித்து வளர்ந்தாலும் வேர் ஆழம் போகாது. பின்னாளில் காற்றில் சாயும். சுருண்ட நுனியைக் கூரிய கத்தியால் வெட்டிவிட்டு நடவும். மிகவும் சுருண்டிருந்தால் அக்கன்றை ஒதுக்கி விடவும்.

பின்செய் நேர்த்தி

ஆடு கடிக்காதவாறு முள்வேலி கட்டவும். கோடையில் தினமும் ஒரு குடம் ஊற்றுவதை விட, வாரம் ஒரு முறையோ இரு முறையோ மண் ஆழமாக நனையும்படி நீர் விடவும். ஈரத்தைத் தேடி வேர் கீழே இறங்கும். கன்றைக் குச்சியுடன் தளர்வாகக் கட்டி, ஓராண்டில் அவிழ்த்து விடவும்.

மரம் வளர்ந்தபின் ஆண்டுதோறும் புரட்டாசியில், வடகிழக்குப் பருவ மழைக்கு முன், நெருக்கமான கிளைகளையும் கூரைப் பக்கம் சாய்ந்த கிளைகளையும் கழித்து விடவும். காற்று மரத்தினூடே புகுந்து போகும், மரமும் நிற்கும். கழித்த தழை ஆட்டுக்கும் வயலுக்கும் ஆகும்.

வேம்பு நிழல் தரச் சில ஆண்டுகள் ஆகுமே என்று தள்ளிப்போட வேண்டாம். வருகிற மழையிலேயே இரு மரங்களையும் நட்டால், ஒன்று உங்களுக்கும் மற்றொன்று உங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் நிழல் தரும்.