பிள்ளையார் சதுர்த்தி முதல் பொங்கல் வரை

சயானில் எங்கள் கட்டிடத்தின் மாடிப்படிக்கு அடியில், பழைய சைக்கிளுக்கும் காலி பெயின்ட் டப்பாக்களுக்கும் நடுவே இரண்டடி இடம் உண்டு. 2022ஆம் ஆண்டின் கடைசியில் ஒரு தெருநாய் அங்கே ஐந்து குட்டிகள் போட்டது. பத்தாம் நாள் காலையில் குட்டிகளைக் காணோம். யாரோ கோணியில் கட்டி எங்கேயோ கொண்டுபோய் விட்டுவிட்டார்கள் என்றார் வாட்ச்மேன். யார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான்கு நாட்கள் அந்தத் தாய் பால் கட்டிய மடியோடு காம்பவுண்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒவ்வொரு வாசலாக நின்று முகர்ந்து பார்த்தது. என் வீட்டு வாசலிலும் நின்றது. நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

கண் திறக்காத குட்டி தாயைப் பிரிந்தால் ஓரிரு நாள் தாங்குவதே அரிது என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் வாய் திறந்திருப்பேனா என்பதும் நிச்சயமில்லை. ஆனால் 2023இல் அதே நாய், எங்கள் தெருப் பிள்ளைகள் 'கறுப்பி' என்று அழைக்கும் அதே நாய், மறுபடி சினையானபோது, இந்த முறை கதவைச் சாத்துவதில்லை என்று நானும் என் மனைவியும் முடிவு செய்தோம். அந்த நான்கு மாதங்களில் கற்றுக்கொண்டதை நம் அன்பர்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன். மும்பையில் நம்மவர்கள் வசிக்கும் எந்தக் கட்டிடத்திலும் இது நாளை நடக்கக்கூடியதுதான்.

63 நாள் கணக்கு

நாயின் சினைக்காலம் ஏறக்குறைய 63 நாட்கள், அதாவது ஒன்பது வாரம். சில நாட்கள் முன்பின் ஆகலாம். நம் நாட்டுத் தெருநாய்கள் பெரும்பாலும் மழைக்காலம் முடியும் தறுவாயில் இணைசேர்ந்து, பனிக்காலத் தொடக்கத்தில் குட்டி போடுகின்றன. மும்பைவாசிக்கு இதை நினைவு வைப்பது சுலபம். பிள்ளையார் சதுர்த்திக்கும் தீபாவளிக்கும் இடையே பெரும்பாலான ஆண்டுகளில் சுமார் 54 நாட்கள். சதுர்த்தி வாரத்தில் இணைசேர்ந்த நாய், தீபாவளி முடிந்து ஒரு வாரம் பத்து நாளில் ஈனும். 2023இல் சதுர்த்தி செப்டம்பர் 19. தீபாவளி நவம்பர் 12. கறுப்பி குட்டி போட்டது நவம்பர் 20 இரவு.

முதல் நான்கு வாரங்கள் வெளியே ஒன்றும் தெரியாது. பிறகுதான் வயிறு இறங்கும், காம்புகள் பருக்கும். வீட்டில் வளர்க்கும் நாயானால் ஒரு மாதத்துக்கு மேல் ஸ்கேன் எடுத்துச் சினையை உறுதி செய்துகொள்ளலாம். கடைசி வாரத்தில் எக்ஸ்ரே எடுத்தால் எத்தனை குட்டி என்று எண்ணிவிடலாம். கறுப்பிக்கு ஸ்கேன் ஏது? என் மனைவி வயிற்றைப் பார்த்தே, "ஆறு இருக்கும்" என்றாள். பலித்தது.

உணவில் ஒரு தவறு செய்ய இருந்தோம். பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால்சியம் நல்லது என்று மருந்துக் கடையில் ஒரு பாட்டில் டானிக் வாங்கி வந்தேன். கால்நடை மருத்துவர் தடுத்துவிட்டார். சினைக்காலத்தில் கால்சியத்தை வெளியிலிருந்து அதிகமாகக் கொடுத்தால், எலும்பில் உள்ளதை எடுத்துப் பயன்படுத்தும் வழக்கத்தை உடம்பு தளர்த்திவிடுகிறதாம். பிறகு பால் சுரக்கும் சமயத்தில் திடீரென்று தேவை கூடும்போது இரத்தத்தில் கால்சியம் இறங்கி, நடுக்கமும் வலிப்பும் வந்துவிடும். தேவை நல்ல உணவுதான். கடைசி மூன்று வாரங்களில் வழக்கத்தைவிடக் கால் பங்கு முதல் அரைப் பங்கு வரை கூட்டி, சிறு சிறு வேளையாகக் கொடுக்க வேண்டும்; வயிறு நிறையக் குட்டிகள் இருக்கும்போது இரைப்பைக்கு இடம் குறைவு. எங்கள் வீட்டுச் சோற்றோடு வேகவைத்த முட்டை. கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, கறிக்கடையிலிருந்து எலும்பு நீக்கிய துண்டுகள் வாங்கித் தருவார். சைவக் கட்டிடத்துக்குள் அதைக் கொண்டு வராமல் கேட்டுக்கு வெளியிலேயே வைப்பார்.

தீபாவளி

எங்கள் பயம் வெடிதான். நிறைமாதச் சினையில் மிரண்டு ஓடும் நாய் வண்டியில் அடிபடலாம். பாதுகாப்பில்லாத இடத்தில் போய் ஈனலாம். தீபாவளிக்கு முன்பே மாடிப்படி அடியைச் சுத்தம் செய்து, ஒரு மரப்பெட்டியைச் சாய்த்து வைத்து, பழைய வேட்டிகளை விரித்தோம். மூன்றாம் மாடி மாமி, "ஏன்னா, இப்படிச் சாதமும் போட்டு மெத்தையும் போட்டா, அது இங்கேயேதானே குட்டி போடும்?" என்று கேட்டார். "மாமி, மெத்தை போடாட்டியும் இங்கேதான் போடும். போன வருஷம் யார் மெத்தை போட்டா?" என்றேன். மாமி பதில் சொல்லவில்லை. ஆனால் கட்டிடத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, அணுகுண்டு வெடியை ரோட்டுப் பக்கம் கொண்டுபோய் வெடிக்கச் சொன்னது அவர்தான்.

அந்த இரவு

ஈனுவதற்கு ஒரு நாள் முன்பு நாயின் உடல் வெப்பம் 37 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கும். வழக்கம் 38க்கு மேல். சாப்பாட்டைத் தொடாது, படுக்கையைக் கிளறும், மூச்சு வாங்கும். கறுப்பியிடம் இதையெல்லாம் அன்று மாலையே கண்டோம். இரவு பத்தரைக்கு முதல் குட்டி. தாயே உறையைக் கிழித்து, கொடியைக் கடித்து, குட்டியை நக்கி அழவைத்தது. நஞ்சுக்கொடியைத் தின்றதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை, அது இயல்பு. அரை மணி, முக்கால் மணிக்கு ஒன்றாக ஐந்து வந்தன. ஆறாவது இரண்டு மணி நேரம் கழித்து, அசைவில்லாமல் வந்தது.

நாம் செய்ய வேண்டியது தள்ளி நிற்பதுதான். ஆனால் எப்போது உதவி தேடுவது என்று தெரிந்திருக்க வேண்டும். அரை மணி நேரம் முக்கியும் குட்டி வராவிட்டால், உள்ளே குட்டி இருந்தும் இரண்டு மணிக்கு மேல் இடைவெளி விட்டால், முதல் குட்டிக்கு முன்பே கரும்பச்சை நீர் வந்தால், உடனே மருத்துவரிடம் போக வேண்டும். இரண்டு மணி ஆகும் முன்பே போன் செய்யாதது என் தவறு. செய்திருந்தாலும் ஆறாவது பிழைத்திருக்குமா, சொல்ல முடியாது.

சூடும் சீம்பாலும்

பிறந்த குட்டிக்குக் கண் தெரியாது, காது கேளாது. தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளவும் முடியாது. முதல் இரண்டு வாரம் குளிர்தான் அதற்கு எமன். குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் புகட்டக் கூடாது, செரிக்காது. முதலில் மெல்லச் சூடேற்றிய பிறகே பால். முதல் நாளுக்குள் தாயின் சீம்பால் கிடைத்துவிட வேண்டும். நோய் எதிர்ப்புச் சக்தி அதில்தான் வருகிறது. பாக்கெட் பசும்பால் சரிப்படாது. நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். பசும்பாலில் உள்ள சர்க்கரை குட்டியின் வயிற்றைக் கெடுக்கும்.

ஐந்தில் ஒன்று மிகச் சிறியது. மற்றவை தள்ளிவிட்டுக் குடிக்கும். என் மனைவி அதை மட்டும் எடுத்துப் பின்பக்கக் காம்பில் வைத்துப் பார்த்தாள். நான்காம் நாள் அது போய்விட்டது. மற்ற நான்கும் பத்து நாளில் எடை இரட்டித்தன. பன்னிரண்டாம் நாள் கண் திறந்தன. போன ஆண்டுக் குட்டிகள் இந்த நாளைப் பார்க்கவில்லை என்று மனைவி சொன்னபோது நான் பேச்சை மாற்றினேன்.

சொசைட்டிக் கூட்டம்

பதினைந்தாம் நாள், கறுப்பி ஒரு சிறுவனைப் பார்த்து உறுமியது. கடிக்கவில்லை, குட்டியைத் தொடப்போனான், எச்சரித்தது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கூடியது. அகற்ற வேண்டும் என்றவர்களைக் கல்நெஞ்சர் என்று சொல்ல மாட்டேன். பிள்ளையைப் பெற்றவர்களுக்குப் பயம் இருக்கத்தான் செய்யும். வெறிநாய்க்கடி நோய் கண்டுவிட்டால் பிழைப்பது அரிது. குட்டி கடித்தாலும் கீறினாலும்கூட உடனே 15 நிமிடம் சோப்பு போட்டுக் கழுவி, அன்றே மருத்துவமனை சென்று ஊசியைத் தொடங்க வேண்டும்.

செக்ரெட்டரி 2023ஆம் ஆண்டு மத்திய அரசின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளை எடுத்து வந்திருந்தார். தெருநாய்க்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பதும், உணவு வைக்க இடம் ஒதுக்குவது குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்பு என்பதும் அதில் உள்ளன. உணவு வைக்கும் இடம் படிக்கட்டு, வாசல், பிள்ளைகள் விளையாடும் இடம் இவற்றிலிருந்து விலகியிருக்க வேண்டும். (2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களிலிருந்து தெருநாய்களை அகற்றிக் காப்பகத்தில் வைக்கும்படி ஆணையிட்டது.)

நான் எழுந்து போன ஆண்டு நடந்ததைச் சொன்னேன். யாரையும் குறை கூறவில்லை; நான் கதவைச் சாத்தியதை மட்டும் சொன்னேன். சற்று நேரம் யாரும் பேசவில்லை. கடைசியில் ஓர் ஒப்பந்தம்: எட்டு வாரம் அவகாசம். அதற்குள் குட்டிகளுக்கு வீடு தேட வேண்டும். பால் மறந்ததும் கறுப்பிக்குக் கருத்தடை. பொறுப்பு எங்களுடையது. நாட்காட்டியைப் பார்த்தேன்: எட்டு வாரம் முடிவது 2024 ஜனவரி 15, பொங்கல்.

இந்த ஊரின் பழைய வழக்கு

இந்தச் சச்சரவு இவ்வூருக்குப் புதிதல்ல. 1832 ஜூனில் பம்பாயில் அரசு தெருநாய்களைக் கொல்ல ஆணையிட்டபோது, நாயைப் புனிதமாகக் கருதும் பார்சிகள் கடையடைத்துக் கலகம் செய்தார்கள். விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் இங்கே 1874இல் தோன்றியது. பரேலில் உள்ள பாய் சகர்பாய் தின்ஷா பெடிட் விலங்கு மருத்துவமனை 1880களில் எழுந்தது. கொல்வதற்குப் பதில் கருத்தடை என்னும் யோசனையில் நம் சென்னைக்குப் பங்குண்டு. 1959இல் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு 1964 முதலே அதை வலியுறுத்தியது. 1996இல் சென்னை மாநகராட்சி ஏற்றுக்கொண்டது. கொன்றதால் நாய்கள் குறையவில்லை. காலியான இடத்துக்குப் பக்கத்துத் தெரு நாய் வந்துவிடும். எஞ்சியவை மறுபடி ஈனும்.

பால் மறக்கும் காலம்

மூன்றாம் வாரம் பல் முளைத்தது. நான்காம் வாரத்திலிருந்து குழைந்த சாதத்தில் முட்டையும் கோழிச் சாறும் கலந்து தட்டில் வைத்தோம். காலை அதிலேயே வைத்துக்கொண்டுதான் தின்னும்! இரண்டாம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை குடற்புழு மருந்து. மூன்றாவது வாரம் முதல் பன்னிரண்டாவது வாரம் வரை மனிதரோடு பழகும் குட்டிதான் பிற்காலத்தில் மிரளாது, கடிக்காது என்றார் மருத்துவர். எனவே உறுமல் வாங்கிய அதே சிறுவனை, கறுப்பி சாப்பிடப் போயிருக்கும்போது, தினமும் பத்து நிமிடம் குட்டிகளோடு உட்காரச் செய்தோம். ஒரு வாரத்தில் கறுப்பி அவனைப் பார்த்து வாலாட்டியது.

ஏழாம் வாரம் ஒரு குட்டிக்கு வாந்தியும் இரத்தப்போக்கும் கண்டன. பார்வோ வைரஸ். முதல் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் போட வேண்டும். நாங்கள் எட்டாம் வாரத்துக்கு என்று வைத்திருந்தோம். மூன்று நாள் குளுகோஸ் ஏற்றியும் பிழைக்கவில்லை. அந்த வைரஸ் மண்ணில் பல மாதம் உயிரோடிருக்கும் என்பதால் படிக்கு அடியில் பிளீச்சிங் கரைசல் ஊற்றிக் கழுவினோம். மற்ற மூன்றுக்கும் அன்றே மருத்துவரைக் கேட்டு ஊசி போட்டோம். அவற்றுக்கு நோய் வரவில்லை.

ஆறில் மூன்று. கணக்காகப் பார்த்தால் பாதி. தெருவில் பிறக்கும் குட்டிகளுக்கு அதுவே அதிகம் என்றார் மருத்துவர்.

பொங்கலன்று

பொங்கலுக்கு முன்பே செம்பூரில் ஒரு குடும்பம் ஒன்றைக் கேட்டிருந்தது. தாராவியில் தையற்கூடம் நடத்தும் நம் ஊர்க்காரர் இன்னொன்றை எடுத்துக்கொண்டார். இரவில் காவலுக்கு ஆகும் என்றார். இருவரிடமும் மீதி ஊசிகளுக்கான தேதிகளை எழுதிக் கொடுத்தோம். மூன்றாவது பெட்டை, பெட்டையை யாரும் கேட்கவில்லை. பொங்கல் பானை இறக்கிய பிறகு மூன்றாம் மாடி மாமி இறங்கி வந்து, "அது இங்கேயே இருந்துட்டுப் போகட்டும். ஆனா அதுக்கும் ஆபரேஷன் பண்ணிடணும், ஆமாம்" என்றார்.

குட்டிகள் போனபோது கறுப்பி கேட் வரை போய்ப் பார்த்தது. பால் வற்றியிருந்தது. போன ஆண்டைப் போல வாசல் வாசலாகத் தேடவில்லை. சற்று நின்றுவிட்டு, மிச்சமிருந்த மகளோடு வந்து படுத்துக்கொண்டது.

பிப்ரவரியில் கறுப்பிக்குக் கருத்தடை முடிந்தது. காதோரம் சிறு வெட்டோடு திரும்பி வந்து, நேரே அந்த மாடிப்படிக்கு அடியில் போய்ப் படுத்தது. மகளுக்கும் வயது வந்ததும் செய்துவிட்டோம். அதன்பின் சதுர்த்திகள் வந்து போகின்றன. எங்கள் கட்டிடத்தில் குட்டிகள் இல்லை.

உங்கள் கட்டிடத்திலும் சதுர்த்தி சமயத்தில் காதில் வெட்டில்லாத பெட்டை நாய் ஒன்று இருந்தால், அன்பர்களே, தீபாவளி வரை காத்திராதீர்கள். அருகிலுள்ள விலங்கு நலச் சங்கத்துக்கோ முனிசிபாலிட்டிக்கோ சொல்லுங்கள். காலம் கடந்து குட்டிகள் பிறந்துவிட்டால், எட்டு வாரம் பொறுங்கள். அதுவரை அந்தப் படிக்கு அடியில் கோணியோடு யாரும் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.